ரேங்க் வந்தாச்சு... சீட் வருமா?

வாசகர் கேள்வி–பதில்: பொறியியல் சேர்க்கை

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதமே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விண்ணப்பம், ரேண்டம் எண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று இரண்டு மூன்று மாதம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் கிடைக்குமா, குரோம்பேட்டை வளாகம் கிடைக்குமா என்று காத்திருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு எங்கள் கலந்தாய்வு வழிகாட்டிக் குழு பதில் தருகிறது. தேதிகளும் அவகாசமும் ஆண்டுதோறும் மாறும். அவற்றை மட்டும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அட்டவணையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளின் கட்-ஆஃப் 194.5. பி.சி. பிரிவு. அவள் ஆசைப்படும் கல்லூரியில் போன வருஷம் பி.சி.க்கு 194-இல் முடிந்தது என்கிறார்கள். அப்படியானால் நிச்சயம் கிடைத்துவிடும்தானே? — ஒரு தாய், விழுப்புரம்

நிச்சயம் என்று சொல்வதற்கில்லை. இடம் கொடுப்பது கட்-ஆஃப் அல்ல, ரேங்க். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்கள் மகள் கணிதத்தில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 98 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணிதம் அப்படியே 98. மற்ற இரண்டும் பாதியாகி 47.5, 49. கூட்டினால் 194.5. 200-க்குக் கணக்கிடும் இந்தக் கூட்டுதான் கட்-ஆஃப். வினாத்தாள் கடினமாக அமைந்த ஆண்டில் இந்த மதிப்பெண்ணுக்கு முன்னால் நிற்பவர்கள் குறைவாக இருப்பார்கள். எளிதாக அமைந்துவிட்டால் அதே 194.5-க்கு முன்னால் பெரிய கூட்டமே நிற்கும். 2024-இல் 200-க்கு 200 கட்-ஆஃப் வைத்திருந்தவர்கள் 65 பேர். அடுத்த ஆண்டு, 2025-இல், 144 பேர். உச்சியிலேயே ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் போன வருஷ 194-ஐ இந்த வருஷ 194.5-உடன் நேராக ஒப்பிடவே கூடாது.

வேறெப்படிப் பார்ப்பது? தரவரிசைப் பட்டியலில் உங்கள் மகளுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பொது ரேங்க், இன்னொன்று பி.சி. பிரிவுக்குள் அவளுடைய ரேங்க். போன ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எது ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலை எடுங்கள். ரேங்க், கட்-ஆஃப், இனம், கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு, எந்தப் பிரிவில் இடம் ஒதுக்கப்பட்டது என்று வரிசையாக இருக்கும். நீங்கள் விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவு இரண்டையும் வடிகட்டி, பி.சி. இடத்தை வாங்கிய கடைசி ஆளின் ரேங்க்கைக் கண்டுபிடியுங்கள். அதை மகளின் ரேங்க்கோடு ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாணவரின் இனம் இருக்கும் பத்தியைப் பார்க்கக் கூடாது, ஒதுக்கப்பட்ட பிரிவு இருக்கும் பத்தியைத்தான் பார்க்க வேண்டும். பி.சி. மாணவர் ஒருவர் தன் ரேங்க்கிலேயே பொதுப்பிரிவு இடத்தை வாங்கியிருக்கலாம். அவரையும் பி.சி. கணக்கில் சேர்த்துவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும்.

இத்தனை செய்தாலும் கிடைப்பது மதிப்பீடுதான். கல்லூரி இடங்களைக் கூட்டியிருக்கலாம், புதிதாக ஏ.ஐ. பாடப்பிரிவு தொடங்கி மாணவர்கள் அங்கே சாய்ந்திருக்கலாம். எங்கள் வழக்கம் இது: போன வருஷக் கடைசி ரேங்க்குக்கு மேலும் கீழும் பத்து, பதினைந்து சதவீதம் விட்டுப் பார்ப்போம். அந்த எல்லைக்குள் மகளின் ரேங்க் விழுந்தால் ‘கிடைக்கலாம்’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட உறுதியாக யாராவது சொன்னால் அவரிடம் நிர்வாக ஒதுக்கீட்டு விண்ணப்பப் படிவமும் இருக்கும்.

எனக்கு வந்த ரேண்டம் எண் 1-இல் தொடங்குகிறது. நண்பர்கள் எல்லோருக்கும் 8, 9. என் வாய்ப்பு போய்விட்டதா? — மாணவர், நாமக்கல்

இல்லை. பெரிய எண்ணுக்கு முன்னுரிமை என்பது உண்மை. ஆனால் அது வரிசையில் ஆகக் கடைசி. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கினால் முதலில் கணித மதிப்பெண், அதுவும் ஒன்றானால் இயற்பியல், அதற்குப் பிறகு நான்காவது விருப்பப் பாடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். (கட்-ஆஃப், கணிதம், இயற்பியல் மூன்றும் ஒன்றானால் வேதியியலும் தானாகவே ஒன்றாகிவிடும். அதனால் அது இந்த வரிசையில் இல்லை.) பிறகு பிறந்த தேதி வரும், மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் பொருந்தினால்தான் ரேண்டம் எண்ணைத் தொடுவார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இரட்டையர் வீட்டில் வேண்டுமானால் அந்த எண்ணைப் பார்த்துப் பதறலாம்.

அரசுப் பள்ளியில் படித்த என் மகனுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டு ரேங்க் வரவில்லை. முதல் பட்டதாரிச் சலுகையும் ‘இல்லை’ என்று காட்டுகிறது. யாரிடம் போவது? — ஒரு தந்தை, சிவகங்கை

தரவரிசை வெளியான கையோடு குறைதீர்ப்புக்குச் சில நாட்கள் தருவார்கள். அதற்குள் உங்கள் மாவட்டத்தில் உள்ள பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்கு மகனோடு நேரில் போங்கள். அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து பயனில்லை. 2019-இல் இருந்து கலந்தாய்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான்.

கிளம்பும் முன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுங்கள். 7.5-க்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. நடுவில் ஒரு வருஷம் உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் பட்டியலில் பெயர் வராது. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தகுதி இருந்தும் வரவில்லை என்றால், ஏதோ ஒரு வகுப்புக்கான பள்ளியின் பெயரைத் தவறாகப் பதிந்திருக்கலாம், இல்லையேல் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று பதிவேறாமல் இருக்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதி, சான்றோடு கொண்டுபோனால் மையத்தில் வேலை சீக்கிரம் முடியும்.

குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் பட்டதாரிச் சான்று வருவாய்த் துறை தருவது. அதோடு மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியையும் ஏற்ற வேண்டும். நிறையப் பேர் சான்றை மட்டும் ஏற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் மகனுக்குக் கிடைக்காது.

இன்னொரு விஷயம். ரேங்க் வந்துவிட்டால் மகனுக்குப் பொதுப் பட்டியலிலும் 7.5 பட்டியலிலும் இடம் இருக்கும். படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பது 7.5 ஒதுக்கீட்டில் சேருபவர்களுக்குத்தான். பொதுச் சுற்றில் கொஞ்சம் பெயர் பெற்ற கல்லூரி கிடைக்கிறது என்று அதை எடுத்தால் நான்கு வருஷச் செலவும் உங்கள் தலையில் விழும். அதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் எனக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை. இருந்தும் அதை முதல் விருப்பமாகப் போட்டால், அது கிடைக்காதபோது கீழே உள்ளவையும் கைவிட்டுப் போகுமா? எத்தனை விருப்பங்கள் போடலாம்? — மாணவி, தென்காசி

போகாது. தைரியமாகப் போடுங்கள்.

கம்ப்யூட்டர் ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் முதல் விருப்பத்தைப் பார்க்கும். அங்கே பொதுப்பிரிவு இடம் மீதி இருந்தால் அதைத் தரும். இல்லையென்றால் உங்கள் இனப்பிரிவு இடம் மீதியா என்று பார்க்கும். இரண்டும் தீர்ந்திருந்தால் இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். அங்கேயும் இதே கதை. இருபத்தெட்டாவது விருப்பத்தில் இடம் இருந்தால் அது உங்களுக்கு. அதே கல்லூரியை ஒருவர் முதல் விருப்பமாகப் போட்டிருந்தாலும், ரேங்க்கில் உங்களுக்குப் பின்னால் இருந்தால் அவருக்கு உங்களுக்குப் பிறகுதான். மேலே பெரிய ஆசைகளை எழுதியதற்காக யாரும் ஒரு இடமும் இழப்பதில்லை.

இதனால்தான் பட்டியலை ‘எது கிடைக்கும்’ என்ற கணக்கில் அடுக்கக் கூடாது. ‘இரண்டும் கிடைத்தால் எதில் சேருவேன்’ என்று ஒன்றோடொன்று மோதவிட்டு அடுக்குங்கள். கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரியைப் பயத்தில் மேலே ஏற்றிவிட்டால், அதற்குக் கீழே எழுதிய நல்ல இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கலந்தாய்வில் மாணவர்கள் தாமாகவே இழக்கும் இடங்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலை அப்படியே மேலிருந்து கீழாகக் காப்பியடிப்பதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். ஊர் விரும்பிய வரிசை அது, உங்களுடையது அல்ல.

எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. முதல் சில நூறு ரேங்க்குக்குள் இருப்பவருக்கு முப்பது போதும். நடுவில் இருப்பவர்கள் எழுபது எண்பதுக்குக் குறையாமல் போடுவது நல்லது. கணிப்பு எல்லைக்குக் கீழே, கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிற இடங்கள் குறைந்தது பதினைந்து இருக்கட்டும். ஆனால் எந்த நிலையிலும் சேர மாட்டேன் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள். அது ஒதுக்கப்பட்டுவிட்டால் அழுது பயனில்லை.

குறியீடுகளில் கவனம் வேண்டும். கிண்டி வளாகம் 1, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) 2, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 2006, அதே பெயரில் நீலம்பூரில் இருக்கும் ஐ-டெக் 2377. இரண்டும் வேறு வேறு. அதேபோல் ஒரே கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு இரண்டு குறியீடுகளில் வரும். ஒன்றின் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். சான்றிதழில் வித்தியாசம் இல்லை, பணத்தில்தான். வீட்டில் கட்ட முடியுமா என்று கேட்டுக்கொண்டு அதை எங்கே வைப்பதென்று முடிவு செய்யுங்கள்.

முதலில் தாளில் எழுதுங்கள். குறியீட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். கடைசி நாள் சாயங்காலம் வரை வைத்திருக்காதீர்கள். தளம் மெதுவாகும், ஓ.டி.பி. வராது, நேரம் முடிந்துவிடும். பிரவுசிங் சென்டரில் செய்தால் கடவுச்சொல்லை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். சமர்ப்பித்த பட்டியலின் பி.டி.எஃப்.-ஐ உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிக ஒதுக்கீட்டில் நான்காவது விருப்பம் கிடைத்திருக்கிறது. ஐந்து பட்டன்கள் வருகின்றன. எதை அழுத்துவது? — மாணவர், வேலூர்

பதற்றத்தில் தப்புச் செய்கிற இடம் இதுதான். அவகாசம் இரண்டு நாள் போலத்தான் இருக்கும். எதையும் அழுத்தாமல் விட்டால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

நான்காவதே போதும், மனசு நிறைவு என்றால் ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’. நேராகக் கல்லூரிக்குப் போய், சொன்ன தேதிக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும்.

நான்காவது இருக்கட்டும், மேலே ஏதாவது காலியானால் அதற்குப் போகிறேன் என்றால் ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’. இதற்கு உதவி மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கப்புறம் முன்னால் இருப்பவர்கள் விலகும்போது உங்கள் 1, 2, 3-ஐ மட்டும் பார்ப்பார்கள். ஒன்று கிடைத்துவிட்டால் நான்காவது தானாகவே ரத்து. எனக்குப் பழையதே வேண்டும் என்று திரும்ப முடியாது. கிடைக்காவிட்டால் நான்காவது உங்களுடையதே. ஆகவே அழுத்தும் முன் ஒரே கேள்வி: அந்த மூன்றும் உண்மையிலேயே நான்கைவிட உங்களுக்குப் பிடித்தவையா? முதல் மூன்றை ‘சும்மா’ போட்டிருந்தால் இந்தப் பட்டனைத் தொடாதீர்கள், வரிசையை இப்போது மாற்ற முடியாது.

‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ என்பது கையில் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதற்காக மட்டும் காத்திருப்பது. நான்காவதில் எக்காரணம் கொண்டும் சேர மாட்டேன் என்பவருக்கு மட்டும்தான் இது. ‘டிக்ளைன் அண்ட் மூவ் டு நெக்ஸ்ட் ரவுண்ட்’ போட்டால் அடுத்த சுற்றில் மிஞ்சியதிலிருந்து எடுக்க வேண்டும். நல்ல ரேங்க் வைத்திருப்பவர் இதைச் செய்ய ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது, கலந்தாய்விலிருந்தே வெளியேறுவது. ஐ.ஐ.டி.யோ என்.ஐ.டி.யோ உறுதியானவர்கள் தயவுசெய்து இதை அழுத்துங்கள், பின்னால் நிற்கும் ஒருவருக்கு இடம் நகரும்.

கலந்தாய்வு வரும்வரை காத்திருந்தால் இடம் போய்விடும், இப்போதே முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுங்கள் என்கிறது ஒரு தனியார் கல்லூரி. கொடுக்கலாமா? — ஒரு தந்தை, கடலூர்

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அது போய்விட்டால் கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் எதைக் காட்டிச் சேர்வீர்கள்? அவர்கள் கேட்பதற்கு உண்மையான காரணமும் அதுவேதான்.

பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கல்லூரியின் பெயரில் ரசீதோடு கட்டுங்கள். ஏ.ஐ.சி.டி.இ. அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் எழுத்து மூலம் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் ‘நன்கொடை’ என்று கேட்பது 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பணம் திரும்பி வராது. நிர்வாக ஒதுக்கீட்டில் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சலுகையும் கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ராத்திரி இரண்டு மணி வரை யூடியூபில் கட்-ஆஃப் கணிப்பு பார்க்கிறான். சாப்பாடு, தூக்கம் இல்லை. எப்படி மாற்றுவது? — ஒரு தாய், திருப்பூர்

ரேங்க் வந்தபின் கணிப்பு வீடியோக்களில் அவனுக்குப் புதிதாக எதுவும் இல்லை. முதல் பதிலில் சொன்ன பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலை அவனிடம் கொடுத்து, தனக்கான எக்செல் தாளை அவனே போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் வேலை. பிறகு பட்டியலில் உள்ள நான்கைந்து கல்லூரிகளுக்கு வார நாளில் கூட்டிப்போங்கள். ஆய்வகம் பூட்டியிருக்கிறதா, விடுதிச் சாப்பாடு எப்படி, பஸ் எத்தனை மணிக்கு, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று அவனே விசாரிக்கட்டும். உறவினர்கள் ‘எங்கே கிடைச்சுது?’ என்று போனில் கேட்டால் நீங்கள் பேசுங்கள், அவனிடம் கொடுக்காதீர்கள்.

பல நாளாகத் தூக்கமே இல்லை, யாரிடமும் பேச்சு இல்லை, ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அதைக் கவுன்சலிங் டென்ஷன் என்று தள்ளிப்போடாதீர்கள். உதவி எண்களான 104-ஐயோ 14416-ஐயோ கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

நீட் எழுதியிருக்கிறேன். எம்.பி.பி.எஸ். கிடைக்குமா என்பது இழுபறி. அதுவரை பொறியியல் இடத்தை எடுக்கலாமா? — மாணவி, தஞ்சாவூர்

எடுக்கலாம். மருத்துவக் கலந்தாய்வு பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் கல்லூரிக்கு எழுத்து மூலம் விலகல் கடிதம் கொடுத்து, சான்றிதழை வாங்குங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறுவது முன்னே சொன்ன கடைசித் தேதிக்கு உட்பட்டது என்பதால், அந்தத் தேதியைச் சேரும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து, ஸ்கேனும் செய்து வையுங்கள். ஆகஸ்ட்டில் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கேட்பார்கள்.